உபரி சோலார் கரண்டில் கீசரும் மோட்டாரும் தானாக ஓடினால் பில் குறையுமா? முதலில் உங்கள் மீட்டர் கணக்கைப் பாருங்க

மொட்டை மாடியில் சோலார் போட்ட வீட்டில் ஒரு வேலை நாளின் மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 கிலோவாட் பேனல் முழு வீச்சில் ஓடுகிறது. வீட்டில் ஆள் இல்லை. ஃபிரிட்ஜும் வைஃபை ரவுட்டரும் தின்றது போக மீதி கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகிறது. இரவு 8 மணிக்கு எல்லோரும் வீடு திரும்பியதும் ஏசி, கீசர், ஸ்கூட்டர் சார்ஜர் எல்லாம் ஒன்றாக ஓடும். அப்போது பேனல் பூஜ்யம். மின்வாரியத்திடம் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

இதைப் பார்க்கும் யாருக்கும் தோன்றும் கேள்விதான்: உபரி கரண்ட் வெளியே போகும் நேரத்தில் கீசரும் மோட்டாரும் தானாக ஆன் ஆகி, உபரி தீர்ந்ததும் தானாக ஆஃப் ஆனால் நல்லதுதானே?

தொழில்நுட்பம் இருக்கிறது. பெரிய விலையும் இல்லை. ஆனால் இதில் உங்களுக்குப் பணம் மிச்சமாகுமா என்பது, வீட்டு மீட்டர் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. சிலருக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். இந்தியாவில் சோலார் போட்ட பல வீடுகளுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. ஸ்மார்ட் பிளக்கை கார்ட்டில் போடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் புரிஞ்சுக்கலாம்.

இந்தப் பேச்சு இப்போ ஏன்?

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கோடி வீடுகளில் சோலார் என்பது இலக்கு, ஒதுக்கீடு ரூ.75,021 கோடி. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 என மத்திய மானியம் கிடைக்கிறது. அதிகபட்சம் ரூ.78,000. அதனால்தான் 3 கிலோவாட் என்பது கிட்டத்தட்ட வீட்டு சோலாரின் நிலையான அளவாகிவிட்டது.

இன்னொரு பக்கம், நாட்டின் சோலார் திறன் 2025 தொடக்கத்தில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. பகலில் மின்சாரம் தாராளம், சூரியன் சாய்ந்ததும் தட்டுப்பாடு. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் எரியும்போது சோலார் கையை விரித்துவிடும். அதனால் 'பகலில் பயன்படுத்துங்க, மாலையில் குறைச்சுக்கோங்க' என்று கட்டணத்தின் வழியாகவே சொல்ல அரசு முடிவு செய்தது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, சூரிய ஒளி நேரம் என்று மாநில ஆணையம் குறிக்கும் 8 மணி நேரத்துக்குக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும். பீக் நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய பிறகே இது அமலாகும். எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

உங்கள் பில் இந்த நாலில் எது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படிங்க.

ஒன்று, நெட் மீட்டரிங். நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டை, உள்ளே வாங்கிய யூனிட்டிலிருந்து கழித்து, மீதிக்கு மட்டும் பில். மதியம் 1 யூனிட் அனுப்பி இரவு 1 யூனிட் வாங்கினால் கணக்கு நேர். அப்படியென்றால் கீசரை இரவிலிருந்து மதியத்துக்கு மாற்றுவதால் என்ன நடக்கும்? அனுப்புவது 1 யூனிட் குறையும், வாங்குவதும் 1 யூனிட் குறையும். கழித்தல் விடை அதேதான். மிச்சம் பூஜ்யம். இந்தக் கணக்கில் தெருக் கம்பியே உங்களுக்கு இலவச பேட்டரி. அதோடு போட்டி போட எந்த ஸ்மார்ட் பிளக்காலும் முடியாது.

இரண்டு, நெட் பில்லிங். வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, விற்கும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த இன்னொரு விலை. உதாரணத்துக்கு வாங்குவது 8 ரூபாய், விற்பது 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதியத்துக்கு மாற்றும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 5 ரூபாய் மிச்சம். தானியங்கி ஸ்விட்ச் உண்மையில் சம்பாதிக்கும் இடம் இதுதான்.

மூன்று, கிராஸ் மீட்டரிங். பேனல் தரும் கரண்ட் முழுவதும் தனி மீட்டர் வழியாக வாரியத்துக்குப் போய்விடும், வீட்டுக்கு வேண்டியதை வழக்கம்போல் வாங்குவீர்கள். வீட்டில் எது எப்போது ஓடுகிறது என்பதற்கும் பேனலுக்கும் தொடர்பே இல்லை. இங்கேயும் மிச்சம் பூஜ்யம்.

நான்கு, வெளியே அனுப்ப அனுமதியே இல்லாத அமைப்பு. வீட்டுத் தேவைக்கு மேல் உற்பத்தி ஆகாதபடி இன்வெர்ட்டரே தன்னைக் குறைத்துக்கொள்ளும். இங்கே பயன்படுத்தாத சூரிய ஒளி அப்படியே வீண். மதியத்துக்கு மாற்றும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலைக்கு மிச்சம். ஆனால் ஒரு சிக்கல்: உபரி வெளியே போவதே இல்லை என்பதால், மீட்டரில் 'உபரி' தெரியாது. ஒரு சாதனத்தை ஆன் செய்து, இன்வெர்ட்டர் கூட்டித் தருகிறதா என்று சோதித்துப் பார்க்கும் விதிதான் எழுத வேண்டும்.

இந்த நான்கோடு நேரவாரிக் கட்டணம் சேர்ந்தால் கணக்கு மாறும். வழக்கமான விலை 8 ரூபாய் என்றால், குறைந்தபட்ச விதிப்படி பகலில் 6.40, பீக்கில் 8.80. ஒரு யூனிட்டை மாலையிலிருந்து பகலுக்கு நகர்த்தினால் 2.40 ரூபாய். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தும் வீடுகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு என்ற முறை இருக்கிறது. இந்த மிச்சத்துக்குச் சோலாரே தேவையில்லை. கரண்ட் எந்தத் திசையில் போகிறது என்று அளக்கவும் தேவையில்லை. கடிகாரம் போதும். ஒரு சாதாரண டைமர் செய்யும் வேலை அது.

உங்களிடம் நெட் மீட்டரிங் இருந்து, நேரவாரிக் கட்டணமும் வந்தால் ஒரு கேள்வியை மின்வாரியத்திடம் கேட்டே ஆகணும்: பகலில் அனுப்பிய யூனிட்டை மாலை பீக் யூனிட்டோடு கழிப்பீர்களா, பகல் யூனிட்டோடு மட்டும்தானா? பகலோடு மட்டும்தான் என்றால், 'இலவச பேட்டரி' பீக் நேரத்தில் கைகொடுக்காது. அப்போது பயன்பாட்டைப் பகலுக்கு நகர்த்துவது திடீரென்று லாபமாகிவிடும்.

நெட் மீட்டரிங்கிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. தெருவின் கடைசி வீடு உங்களுடையது, பக்கத்திலும் பலர் சோலார் போட்டிருக்கிறார்கள் என்றால், மதியம் வோல்டேஜ் ஏறி உங்கள் சோலார் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடலாம். நின்ற நேரத்து உற்பத்தி போனது போனதுதான். அந்த நேரத்தில் வீட்டிலேயே கொஞ்சம் கரண்டை இழுத்தால் இந்தத் தொல்லை குறையலாம். ஆனால் நிரந்தரத் தீர்வு வாரியத்திடம் புகார் கொடுத்து வோல்டேஜைச் சரிசெய்வதுதான்.

கரண்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு எப்படித் தெரியும்?

வாரியம் வைத்த ஸ்மார்ட் மீட்டருக்கு இது தெரியும். ஆனால் அது உங்களுக்கு உடனுக்குடன் சொல்லாது. ஆப்பில் வருவது பெரும்பாலும் அரை மணி நேரக் கணக்கு, அதுவும் தாமதமாக. மேகம் வந்து போக இரண்டு நிமிடம் போதும், அந்த வேகத்துக்கு இது உதவாது.

சோலார் இன்வெர்ட்டரின் ஆப்பும் பல வீடுகளில் உற்பத்தியை மட்டும்தான் காட்டும். பேனல் 2,300 வாட் தருகிறது என்று தெரியும். வீடு எவ்வளவு எடுக்கிறது, வெளியே எவ்வளவு போகிறது என்று தெரியாது. உங்களுக்கு வேண்டியது அந்த மூன்றாவது எண்.

அதை அறிய, வாரிய மீட்டருக்கு அப்புறம், வீட்டு டிபி பாக்ஸுக்குள் வரும் மெயின் ஒயரில் ஒரு சென்சார் கிளாம்ப் மாட்ட வேண்டும். ஒயரை வெட்டாமல் சுற்றிக் கவ்விக்கொள்ளும் வளையம் அது. இங்கே பலர் ஏமாறுவது: வெறும் கிளாம்ப் கரண்டின் அளவை மட்டும் சொல்லும், திசையைச் சொல்லாது. 5 ஆம்பியர் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று தெரிய, வோல்டேஜையும் சேர்த்து அளக்கும் மீட்டர் வேண்டும். வாங்கும்போது 'இரு திசை அளவீடு' உண்டா என்று பார்த்து வாங்குங்கள். கிளாம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால் வாங்குவது விற்பதாகத் தெரியும். இரவில் ஒருமுறை சரிபாருங்கள். சூரியன் இல்லாத நேரத்தில் உபரி என்று காட்டினால் கிளாம்ப் திரும்பியிருக்கிறது.

மூன்று பேஸ் வீடு என்றால் மூன்று கிளாம்ப் வேண்டும். சோலார் ஒரு பேஸிலும் கீசர் இன்னொரு பேஸிலும் இருக்கலாம். வாரிய மீட்டர் மூன்றையும் கூட்டிக் கணக்கு போடுகிறதா, தனித்தனியாகவா என்று கேட்டுவிட்டு, உங்கள் விதியையும் அப்படியே வையுங்கள்.

அளந்த எண்ணை எடுத்து முடிவு செய்ய ஒரு மூளை வேண்டும். சில மீட்டர்களிலேயே விதி எழுதும் வசதி உண்டு. கொஞ்சம் நோண்டிப் பார்க்கப் பிடிக்கும் என்றால், ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியில் ஓட்டலாம். எதுவானாலும், முடிவு வீட்டுக்குள்ளேயே நடக்கணும். எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பும் அமைப்பென்றால், இன்டர்நெட் போன அன்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

எந்தச் சாதனம் இதுக்குப் பொருந்தும்?

'எப்போ ஓடினாலும் பரவாயில்லை, பாதியில் நிறுத்தினாலும் கெடாது' என்ற இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும் சாதனம் வேண்டும். இந்திய வீட்டில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று பார்த்தால் பட்டியல் சின்னதுதான்.

கீசர்: பிரிட்டனில் உபரி சோலாரை வெந்நீருக்குத் திருப்பும் கருவிகள் பிரபலம். அங்கே பல வீடுகளில் 150 லிட்டர் வெந்நீர்த் தொட்டி இருக்கும். அதை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க கிட்டத்தட்ட 8 யூனிட் வேண்டும். நம் குளியலறையில் தொங்குவது 15 லிட்டர். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வெறும் 0.6 யூனிட். 2 கிலோவாட் கீசர் 18 நிமிடத்தில் முடித்துவிடும். அதுவும் மதியம் சூடாக்கிய தண்ணீர் மறுநாள் காலை வரை தாங்காது. இரவு குளிப்பவருக்கு மட்டும் ஓரளவு பயன். வெளிநாட்டு யூடியூப் வீடியோவை நம்பி கீசருக்குச் செலவு செய்யாதீங்க.

தண்ணீர் மோட்டார்: இதுதான் நமக்கு நல்ல வேட்பாளர். 1 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1 கிலோவாட் இழுக்கும். மாடி டேங்க் என்பதே ஒரு பேட்டரி மாதிரிதான். மதியம் நிரப்பி வைத்தால் மறுநாள் வரை கெடாது.

மின் ஸ்கூட்டர்: சார்ஜர் பொதுவாக 500 முதல் 1,000 வாட், ஒரு முழு சார்ஜுக்கு சுமார் 3 யூனிட். அளவு கச்சிதம். ஆனால் மதியம் ஸ்கூட்டர் எங்கே இருக்கும்? உங்களோடு அலுவலகத்தில். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளும் சனி ஞாயிறும்தான் இதற்கு உதவும். காருக்கும் இதே கதை. காரில் கூடுதலாக ஒரு வசதி: கரண்ட் அளவை மாற்றக்கூடிய சார்ஜர் என்றால் 6 ஆம்பியர் வரை, அதாவது சுமார் 1.4 கிலோவாட் வரை இறக்கி, உபரி எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் ஓட்டலாம்.

வாஷிங் மெஷின்: நடுவில் கரண்டை வெட்டக் கூடாது. 'தாமதத் தொடக்கம்' பொத்தானில் காலை 11 மணிக்கு வைத்துவிட்டுப் போனால் போதும்.

ஏசி: ப்ளக்கில் கரண்டை வெட்டி ஆன் ஆஃப் செய்வது கம்ப்ரசருக்குக் கேடு. ரிமோட் சிக்னல் வழியாக வெப்பநிலையை ஏற்றி இறக்குவதுதான் சரி.

ஃபிரிட்ஜ், மருத்துவக் கருவிகள், வைஃபை இந்தப் பக்கமே வரக் கூடாது. இஸ்திரிப் பெட்டி, ரூம் ஹீட்டர், அடுப்பு போன்றவை ஆள் இல்லாத வீட்டில் தானாக ஆன் ஆகவே கூடாது. பக்கத்தில் ஒரு துணி கிடந்தால் போதும், தீ விபத்துதான்.

விதியை எப்படி எழுதணும்?

முதலில் எல்லோரும் எழுதும் விதி இது: 'உபரி இருந்தால் ஆன், இல்லையென்றால் ஆஃப்'. இது வேலை செய்யாது. ஏன் என்று பாருங்க.

உபரி 1,500 வாட். விதிப்படி 2,000 வாட் கீசர் ஆன் ஆகிறது. அடுத்த நொடியே உபரி போய், 500 வாட் வெளியிலிருந்து வாங்குகிறீர்கள். விதிப்படி ஆஃப். உடனே உபரி மறுபடி 1,500. மறுபடி ஆன். டக் டக் டக் என்று ரிலே அடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் செத்துவிடும். சாதனம் ஆன் ஆவதே அளவைக் கெடுத்துவிடுகிறது. அதுதான் பிரச்சினை.

தீர்வு எளிது. ஆன் எல்லைக்கும் ஆஃப் எல்லைக்கும் இடையே உள்ள தூரம், சாதனத்தின் வாட் அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். 2,000 வாட் சாதனத்துக்கு: 1,500 வாட்டுக்கு மேல் வெளியே போனால் ஆன், 800 வாட்டுக்கு மேல் உள்ளே வந்தால் ஆஃப். இடைவெளி 2,300. இப்போது ஆன் ஆனதும் 500 வாட் உள்ளே வரும், அது 800-ஐத் தொடாது, சாதனம் நிம்மதியாக ஓடும்.

'500 வாட் காசு கொடுத்து வாங்குறோமே, நஷ்டமில்லையா?' இல்லை. நெட் பில்லிங்கில் அந்த ஒரு மணி நேரக் கணக்கைப் போடுங்கள். விற்காமல் விட்ட 1.5 யூனிட், தலா 3 ரூபாய், ஆக 4.50. வாங்கிய அரை யூனிட் 4 ரூபாய். மொத்தம் 8.50. இதையே இரவில் ஓட்டினால் 2 யூனிட்டுக்கு 16 ரூபாய். முழு உபரிக்காகக் காத்திருந்து நாளையே கோட்டை விடுவதைவிட, முக்கால் உபரியில் ஓட்டுவது மேல்.

இதோடு இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள்:

1. பொறுமை. எல்லையைத் தொட்டவுடன் அல்ல, 5 நிமிடம் தொடர்ந்து அங்கேயே இருந்தால் மட்டும் ஆன். 3 நிமிடம் தொடர்ந்து கீழே இருந்தால் மட்டும் ஆஃப். நகரும் மேகம் ஏமாற்றாது.

2. வரிசை. இரண்டு மூன்று சாதனம் இருந்தால் ஒரே நேரத்தில் ஆன் ஆகக் கூடாது. முக்கியமானது முதலில். ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளந்து, மீதி இருந்தால் அடுத்தது. கரண்ட் கட் முடிந்து திரும்பும்போதும் இதே வரிசை.

3. கெடு. மழைக்காலத்தில் நாலு நாள் உபரியே வராது. 'மதியம் 3 மணி வரை டேங்க் நிரம்பவில்லை என்றால், உபரி இருக்கிறதோ இல்லையோ ஓடு' என்று ஒரு வரி இல்லாவிட்டால், மாலையில் குழாயைத் திறக்கும்போது காற்றுதான் வரும். நேரவாரிக் கட்டணம் உள்ள ஊரில் இந்தக் கெடு பீக் நேரத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

சோலாரே இல்லை, அபார்ட்மென்ட்தான். எனக்கு இதில் என்ன?

உங்களுக்குத்தான் இது நிஜமாகவே உதவலாம். திசை வேண்டாம், மொத்த அளவு மட்டும் போதும்.

பெங்களூரு, குருகிராம், சென்னை என்று பெரிய குடியிருப்புகளில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும். ஆனால் ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கும், பல இடங்களில் 1 கிலோவாட். ஏசியோ கீசரோ ஓடிக்கொண்டிருந்தால் மொத்த வீடும் ட்ரிப் ஆகிவிடும். முக்கியமான மீட்டிங் நடுவில் வைஃபையும் போகும். ஜெனரேட்டர் யூனிட் விலையும் வழக்கத்தைவிட அதிகம். 'ஜெனரேட்டர் வந்தவுடன் கீசரையும் ஏசியையும் ஆஃப் செய்' என்ற ஒரே விதி இந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

இன்னொன்று, அனுமதிக்கப்பட்ட மின்சுமை. பல மாநிலங்களில் நிலைக்கட்டணம் இதை வைத்துத்தான். ஸ்மார்ட் மீட்டர் உங்கள் உச்சப் பயன்பாட்டைத் துல்லியமாகப் பதிவு செய்கிறது. 2023 திருத்தப்படி, ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை அனுமதித்த சுமையைத் தாண்டினால் மட்டுமே அதை உயர்த்தலாம். தாண்டிய மாதத்தின் பில் மட்டும் பதிவான அளவின்படி வரும். உச்சப் பயன்பாடு என்பது ஒரு நொடியின் அளவு அல்ல, 15 அல்லது 30 நிமிடச் சராசரி. அதனால் கீசரும் ஏசியும் இண்டக்ஷனும் ஒன்றாக ஓடும்போது கீசரைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டாலே வரம்புக்குள் இருந்துவிடலாம். வீட்டில் காருக்குச் சார்ஜர் போடப்போகிறீர்கள் என்றால் இது முக்கியம். மொத்த வீடும் எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்து சார்ஜரை இறக்கிக்கொள்ளும் வசதி இருந்தால், பெரிய இணைப்புக்கு மாற வேண்டிய அவசியம் வராமல் போகலாம்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

டிபி பாக்ஸைத் திறப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை. மெயினை அணைத்தாலும் அதற்கு முன்னால் உள்ள ஒயரில் கரண்ட் இருக்கும். வாரிய மீட்டரையோ அதன் சீலையோ தொடவே கூடாது. மீட்டரில் கைவைப்பது மின்சாரச் சட்டம் 2003-இன் 135-வது பிரிவின்படி மின்திருட்டாகலாம். உங்கள் கிளாம்ப் எப்போதும் மீட்டருக்கு அப்புறம்தான்.

2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் உருகிவிடும். 16 ஆம்பியரே வேண்டும். மோட்டார் ஓடும்போது 5 ஆம்பியர் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் ஸ்மார்ட் ரிலே நேரடியாக மோட்டாரை ஓட்டக் கூடாது. ரிலே ஒரு காண்டாக்டரை இயக்கணும், காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்கணும். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் கிளம்பும் என்றால், அதற்குத் தனி ஆட்டோ ஸ்டார்ட்டர் வேண்டும்.

கீசரின் தெர்மோஸ்டாட், டேங்கின் ஃப்ளோட் ஸ்விட்ச், தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் பாதுகாப்பு, எர்த் லீக்கேஜ் ட்ரிப் எதையும் ஸ்மார்ட் ஸ்விட்சை நம்பிக் கழற்றாதீர்கள். மென்பொருள் தொங்கிப்போகும் நாள் ஒன்று வரும். அன்றைக்குக் காப்பாற்றுவது இவைதான். கையால் ஆன் ஆஃப் செய்யும் வழியும் இருக்கட்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஆப் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கரண்ட் கட் ஆனால் பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உபரியை வைத்து ஆடும் இந்த ஆட்டமெல்லாம் கரண்ட் இருக்கும்போது மட்டும்.

சரி, செலவுக்கு ஈடாகுமா?

நெட் பில்லிங் வீடு, 5 ரூபாய் வித்தியாசம், ஒரு நாளைக்கு 2 யூனிட் நகர்த்த முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 யூனிட், 300 ரூபாய். மீட்டர், ரிலே, காண்டாக்டர், எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் 10,000 ரூபாய் என்றால் மூன்று வருடத்துக்குள் பணம் திரும்பும். நேரவாரிக் கட்டணம் மட்டும் என்றால் அதே 60 யூனிட்டுக்கு 144 ரூபாய். அதற்கு டைமர் போதும் என்பதால் செலவும் குறைவு. சாதாரண நெட் மீட்டரிங் என்றால் 10,000 ரூபாயும் பொழுதுபோக்குக் கணக்கில்தான்.

இதில் பலரும் மறக்கும் ஒரு கழித்தல் உண்டு. மீட்டர், ரிலே, சின்னக் கணினி எல்லாம் சேர்ந்து இரவு பகலாக 10 வாட் எடுத்தால் மாதம் 7 யூனிட் போய்விடும். 8 ரூபாய் வீதம் சுமார் 58 ரூபாய். 300 ரூபாய் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு கருவிக்கே தீனி.

நெட் மீட்டரிங்கில் வருடக் கடைசியில் யூனிட் மிஞ்சிக்கொண்டே இருக்கிறதா? மிஞ்சிய யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை பொதுவாகக் குறைவு. அவர்கள் நேரத்தை மாற்றுவதில் பயனில்லை, எரிபொருளை மாற்றுவதில்தான் பயன். கேஸ் அடுப்பு வேலையில் பாதியை இண்டக்ஷனுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரை மின் ஸ்கூட்டருக்கும் மாற்றினால், அந்த மிஞ்சும் யூனிட் கேஸ் விலைக்கும் பெட்ரோல் விலைக்கும் ஈடாகிறது. எந்த ஸ்மார்ட் பிளக்கும் தராத லாபம் அது.

இந்த வாரமே செய்யக்கூடியது

1. கடைசி மின்பில்லை எடுங்கள். அனுப்பிய யூனிட், வாங்கிய யூனிட் தனித்தனியாக இருக்கிறதா, இரண்டுக்கும் ஒரே விலையா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் உங்கள் பிரிவு அலுவலகத்தில் 'நெட் மீட்டரிங்கா, நெட் பில்லிங்கா' என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

2. நேரவாரிக் கட்டணம் உங்களுக்கு வந்துவிட்டதா, எப்போது வரும் என்று கேளுங்கள். வந்திருந்தால் மோட்டாருக்கும் ஸ்கூட்டர் சார்ஜருக்கும் முதலில் ஒரு டைமர்.

3. நெட் பில்லிங் அல்லது வெளியே அனுப்ப முடியாத அமைப்பு என்றால் மட்டும், இரு திசை மீட்டர் ஒன்றை மாட்டி ஒரு மாதம் சும்மா பாருங்கள். எதையும் இயக்க வேண்டாம். உபரி எந்த நேரத்தில், எத்தனை வாட், எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்த பிறகு ரிலே வாங்குங்கள்.

4. ஒரு சாதனத்தில் தொடங்குங்கள். பெரும்பாலான வீட்டில் அது தண்ணீர் மோட்டாராகத்தான் இருக்கும்.

கட்டண விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. இன்று நெட் மீட்டரிங்கில் நிம்மதியாக இருப்பவர்களும், வாரியத்திலிருந்து 'கணக்கு முறை மாற்றம்' என்று கடிதம் வந்தால் அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டுவிடாதீங்க. மேலே சொன்ன கணக்கை அன்றைக்கு மறுபடியும் போட வேண்டியிருக்கும்.